நூன் ஸாகின் தெரிந்த வீட்டுக்கு ஆங்கிலம் அந்நியமா?



மஃரிபுக்குப் பின் எங்கள் மக்தபில் ஓத வரும் பிள்ளைகளுள் ஒருவன், பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் பயில்பவன், சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அழுது சிவந்த கண்களோடு வந்து அமர்ந்தான். அவனை அழைத்து வந்த தாயாரின் குரலும் கம்மியிருந்தது. ஆங்கிலத் தேர்வில் எதிர்ச்சொல் எழுதும் பகுதியில் பிள்ளை மதிப்பெண்களை இழந்துவிட்டானாம். "ஹஜ்ரத், எனக்கு ஓத மட்டும்தான் தெரியும். இங்கிலீஷ் தெரிந்திருந்தால் நானே சொல்லிக் கொடுத்திருப்பேனே!" என்று வாசலுக்கு அப்பால் நின்றவாறே அந்தச் சகோதரி சொன்னார். 'ஓத மட்டும்தான்' என்று அவர் சொன்ன விதம் என் நெஞ்சில் தைத்தது.

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். 'லீகல்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக 'இன்லீகல்' என்று எழுதியிருந்தான். 'ரெகுலர்' என்பதற்கு 'இன்ரெகுலர்'. 'பாசிபிள்' என்பதற்கு 'இன்பாசிபிள்'. ஆசிரியர் மூன்றையும் சிவப்பு மையால் அடித்து, 'இல்லீகல்', 'இர்ரெகுலர்', 'இம்பாசிபிள்' எனத் திருத்தியிருந்தார். "ஆக்டிவ் என்பதற்கு இனாக்டிவ் என்றுதானே வருகிறது? இவை மட்டும் ஏன் மாற வேண்டும், ஹஜ்ரத்?" என்றான் பிள்ளை. இதே கேள்வியை வகுப்பிலும் கேட்டானாம். "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று விடை வந்ததாம்.

சிந்தித்துப் பார்த்தால், சோம்பலினால் நேர்ந்த பிழை அன்று இது. 'இன்' என்பதற்கு 'இல்லை' என்று பொருள் எனக் கண்டுகொண்டு, அதை எல்லாச் சொற்களுக்கும் ஒரே முறையாகப் பொருத்தியிருக்கிறான். சிந்திக்கும் பிள்ளைதான் இப்படிப்பட்ட பிழையைச் செய்வான்.

நான் அவனிடம் ஆங்கிலம் எதுவும் கேட்கவில்லை. "மின் என்ற சொல்லுக்குப் பின்னால் ரப்பி என்று வந்தால் எப்படி ஓதுவாய், வாப்பா?" என்று கேட்டேன்.

"மிர்ரப்பி."

"லதுன் என்று வந்தால்?"

"மில்லதுன்."

"பஃதி என்று வந்தால்?"

உதடுகளை அழகாகச் சேர்த்து, "மிம்பஃதி" என்றான்.

"நூன் எங்கே போயிற்று?"

"ரேயிலும் லாமிலும் கலந்துவிட்டது, அது இத்காம். பேக்கு முன்னால் மீமாக மாறிவிட்டது, அது இக்லாப்."

"சரி, இன் என்பதற்குப் பின்னால் ரெகுலர் என்று வந்தால்?"

அவன் விழித்துக்கொண்டிருந்தான். வாசலுக்கு அப்பாலிருந்து விடை வந்தது: "இர்ரெகுலர்!" சொன்னவர் அவனுடைய தாயார்.

அன்று முதல் இதை நம் வீடுகளுக்கு எழுத வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாய் ஒன்று, விதி ஒன்று

'இன்' என்பது இலத்தீன் மொழியின் முன்னொட்டு. ஒரு சொல்லின் தலையில் வந்து ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும் சிறு துண்டைத்தான் முன்னொட்டு என்கிறோம். அது 'எல்' ஒலிக்கு முன் 'எல்' ஆகிறது. 'ஆர்' ஒலிக்கு முன் 'ஆர்' ஆகிறது. உதடு சேர்ந்து பிறக்கும் ஒலிகளுக்கு முன் 'எம்' ஆகிறது. இம்பாசிபிள், இம்பேலன்ஸ், இம்மார்ட்டல் ஆகிய சொற்களைச் சொல்லிப் பாருங்கள். உயிரொலியும் 'ஹ'வும் வரும்போது அது தெளிவாக நிற்கும்: இனாக்டிவ், இன்ஹியூமன். ஹம்ஸாவுக்கும் ஹேக்கும் முன்னால் நூனைத் தெளிவாக ஓதுகிறோமே, அந்த இள்ஹாரை நினைத்துக்கொள்ளுங்கள். 'இன்கரெக்ட்' என்பதை ஆங்கிலேயர் விரைந்து சொல்லும்போது 'ன்' மூக்குக்குள் மறைந்து ஒலிப்பதைக் கேட்டால் இக்ஃபாவும் நினைவுக்கு வரும்.

உரோமர்கள் தஜ்வீதைக் கற்றார்கள் என்றோ, அரபியர் இலத்தீனைக் கற்றார்கள் என்றோ இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அல்லாஹ் மனிதனுக்குக் கொடுத்த நாவும் உதடும் எங்கும் ஒரே அமைப்புடையவை. பல்லினருகே பிறக்கும் 'ன்' ஒலியிலிருந்து உதட்டில் பிறக்கும் 'ப' ஒலிக்குத் தாவுவதைவிட, முன்கூட்டியே உதட்டை மூடிக்கொள்வது எளிது. ஆதலால் பல மொழிகளும் இவ்வழியில் நடக்கின்றன. நம் தமிழிலும் 'நிலம்' என்பதோடு 'கள்' சேரும்போது 'நிலங்கள்' ஆகிறதன்றோ?

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் இருத்த வேண்டும். அரபியில் ஓசை மாறினாலும் எழுத்து மாறாது. நூனை எழுதிவிட்டு ரேயாக ஓதுகிறோம். இலத்தீனிலோ எழுத்தையே மாற்றி எழுதிவிட்டார்கள். அதனால்தான் 'இர்ரெகுலர்' என்பதில் 'ஆர்' இரண்டு வருகிறது. முதலாவது 'ஆர்' உண்மையில் உருமாறிய 'என்' ஆகும். இன்றைய ஆங்கிலேயர் பேசும்போது ஒரு முறைதான் ஒலிக்கிறார்கள், எழுதும்போது மட்டும் இரண்டாக எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டலில் இடறி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை மறுபடியும் ஒரு கேள்வியோடு வந்தான். "அன்லாஃபுல், அன்ரியல் என்று எழுதுகிறார்களே? அங்கே ஏன் கலக்கவில்லை?" நல்ல கேள்வி! 'அன்' என்பது இலத்தீனிலிருந்து வந்ததன்று. ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு. அது எந்த எழுத்தோடும் கலக்காமல் தனித்தே நிற்கும். "துன்யா என்ற சொல்லில் நூனுக்குப் பின் யே வந்தும் கலக்காமல் ஓதுகிறாயே, அதைப் போல ஒரு விதிவிலக்கு என்று வைத்துக்கொள்" என்றேன். இரண்டுக்கும் காரணம் வேறுதான்; ஆயினும் நினைவில் நிற்க இந்த ஒப்புமை உதவியது.

தலை மாறினால் பொருள் மாறும்

ஆங்கிலத்துக்குள் இலத்தீன் எப்படி வந்தது? ஆங்கிலம் அடிப்படையில் ஜெர்மானிய இனத்து மொழி. வீடு, ரொட்டி, தண்ணீர், கை முதலியவற்றுக்கு அது வழங்கும் சொற்கள் அதன் சொந்தச் சொற்கள். 1066 இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை வென்று ஆட்சியில் அமர்ந்தனர். அவர்கள் பேசிய பிரெஞ்சு, இலத்தீனின் வழித்தோன்றல். அதனால் சட்டமும் நிருவாகமும் அந்த மொழியின் சொற்களைச் சுமந்தன. பின்னர் 16, 17 ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் நேரடியாகவே இலத்தீனிலிருந்து அள்ளிக்கொண்டார்கள். ஆக, நீதிமன்றம், மருத்துவமனை, அலுவலகம், கடவுச்சீட்டு என்று நம் மக்கள் தயங்கி நிற்கும் வாசல்களிலெல்லாம் இருப்பவை பெரும்பாலும் இலத்தீன் சொற்களே.

அரபு ஸர்ஃப் படித்தவர்களுக்கு இச்சொற்களின் அமைப்பு புதிதாகத் தோன்றாது. 'கஃபர' என்றால் மன்னித்தான். தலையில் 'இஸ்த' சேர்ந்து 'இஸ்தக்ஃபர' என்றானால் மன்னிப்புத் தேடினான். நாம் அன்றாடம் செய்யும் இஸ்திக்ஃபார் அதிலிருந்து பிறந்தது. வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொற்களிலும் இவ்வமைப்பு உண்டு. உபகாரம், அபகாரம், அதிகாரம், விகாரம் என்னும் நான்கிலும் பின்னால் நிற்பது 'செய்தல்' என்னும் ஒரே வேர். (இந்தக் காரம் மிளகாயின் காரமன்று.) தலையில் வந்த துண்டுதான் ஒன்றை உதவியாகவும், மற்றொன்றைத் தீங்காகவும், வேறொன்றை ஆட்சியாகவும் ஆக்குகிறது.

எழுதுதல் என்னும் வேரையே எடுத்துக்கொள்வோம். அரபியில் அது கிதாப், காதிப், மக்தூப், மக்தப் எனக் கிளைத்திருப்பதைச் சிறு பிள்ளையும் அறியும். இலத்தீனில் எழுதுதலுக்குரிய வேர் ஆங்கிலத்தில் 'ஸ்கிரைப்' என வழங்குகிறது. 'இன்' சேர்ந்தால் இன்ஸ்கிரைப். ஒன்றின் மேல் எழுதுதல், அதாவது பொறித்தல். பழைய பள்ளிவாசல்களின் கல்வெட்டுகள் இன்ஸ்கிரிப்ஷன்கள். 'டிரான்ஸ்' என்றால் கடந்து, அப்பால். ஓரிடத்து எழுத்தை வேறோரிடத்துக்குப் பெயர்த்து எழுதுவது டிரான்ஸ்கிரைப். 'டீ' என்றால் கீழாக. கண்டதை ஏட்டில் இறக்கி வைப்பது டிஸ்கிரைப். 'சப்' என்றாலும் கீழே என்றுதான் பொருள், ஆனால் அடியில் என்ற பொருளில். ஒரு தாளின் அடியில் தன் பெயரை எழுதி ஒப்புக்கொள்வது சப்ஸ்கிரைப். இவ்விதழின் சந்தாதாரர்கள் அனைவரும் இவ்வாறு அடியில் கையொப்பமிட்டவர்கள்தாம். சந்தாவைப் புதுப்பிக்க மறந்தவர்களுக்கு இதை நினைவூட்டுவது என் வேலையன்று. இருந்தாலும் சொல்லி வைத்தேன்.

'ப்ரீ' என்றால் முன்னதாக. ப்ரிஸ்கிரைப் என்பது முன்னதாக எழுதி வைத்து, இன்னவாறு செய்க என்று விதிப்பது. மருத்துவர் தரும் மருந்துச் சீட்டு ப்ரிஸ்கிரிப்ஷன். இதே சொல்லில் 'ப்ரீ'யை எடுத்துவிட்டு 'ப்ரோ'வை வையுங்கள். 'ப்ரோ' என்பதற்கு முன்னால், எல்லோர் முன்பாக என்று பொருள். கி.மு. 82 இல் உரோமில் ஆட்சியைப் பிடித்த சுல்லா என்னும் தளபதி, தன் எதிரிகளின் பெயர்களைப் பட்டியலாக எழுதி ஊர் நடுவே எல்லோரும் காண வைத்தான். பட்டியலில் பெயர் வந்தவரை எவரும் கொல்லலாம், சொத்தும் பறிமுதல். அந்தப் பட்டியலைத்தான் ப்ரோஸ்கிரிப்ஷன் என்றார்கள். இன்றும் ப்ரோஸ்கிரைப் என்றால் தடை செய்தல் என்றே பொருள். வெள்ளையர் ஆட்சியில் தடை செய்யப்பட்ட நூல்களையும் இச்சொல்லாலேயே குறித்தார்கள். ஒரே ஓர் எழுத்து! ஒன்று நோயாளிக்கு மருந்து. மற்றொன்று மனிதனுக்கு மரணம். முன்னொட்டைக் கவனியாமல் கடந்து போகிற பிள்ளைக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பார்த்தல் என்னும் வேரும் இப்படியே. 'ரீ' என்றால் திரும்ப. ஒருவரைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பொருட்படுத்துவது ரெஸ்பெக்ட். உள்ளே நோக்கி ஆராய்வது இன்ஸ்பெக்ட். 'சப்' சற்று உருமாறி வந்து, அடியிலிருந்து கள்ளப் பார்வை பார்ப்பது சஸ்பெக்ட், அதாவது ஐயுறுதல். ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்ந்துகொள்ளுமாறு இறைமறையின் 49 ஆவது அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அடியிலிருந்து பார்க்கும் அந்தப் பார்வையை இலத்தீன்காரரும் நல்ல பார்வையாகக் கருதவில்லை போலும்.

ஷம்ஸிய்யா எழுத்துகளும் 'அட்' என்னும் துண்டும்

முன்னொட்டுகளில் மிகுதியாக வேடம் போடுவது 'அட்' என்பது. 'நோக்கி', 'அருகே' என்று அதற்குப் பொருள். வரும் எழுத்து எதுவோ அதுவாகவே மாறிவிடும் இயல்பு அதற்கு உண்டு. அஃபர்ம் என்பதில் 'எஃப்', அல்லோகேட் என்பதில் 'எல்', அனெக்ஸ் என்பதில் 'என்', அசிஸ்ட் என்பதில் 'எஸ்', அட்டெண்ட் என்பதில் 'டி' என்று இரட்டித்து எழுதுவதெல்லாம் இதன் வேலைதான். அர்ரைவ் என்பதில் 'ஆர்' இரட்டிக்கிறது. அச்சொல்லின் அடியில் இருப்பது 'ரிப்பா'. கரை என்று பொருள். கரையை அடைதலே அர்ரைவ். மரக்கலம் ஏறி வாணிபம் செய்த மரபினருக்கு இச்சொல்லின் சுவையை விளக்க வேண்டியதில்லை.

நம் 'அல்' என்பதை நினைத்துப் பாருங்கள். 'ஷம்ஸ்' என்பதற்கு முன் 'அல்' வந்தால் 'அல்ஷம்ஸ்' என்று ஓதுவதில்லை. 'அஷ்ஷம்ஸ்' என்று ஓதுகிறோம். அந்த 14 ஷம்ஸிய்யா எழுத்துகளுக்கு முன்னால் லாம் எப்படித் தன்னை இழக்கிறதோ, அப்படித்தான் 'அட்' என்பதும் தன்னை இழக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'அல்' என்று தொடங்குவன எல்லாம் இலத்தீன் அல்ல. அல்ஜீப்ரா, அல்கலி, ஆல்கஹால் ஆகியவற்றின் தலையில் இருப்பது நம் அரபு 'அல்'. அல்குவாரிஸ்மியின் அல்ஜப்ர் நூலை 1145 இல் செஸ்டர் நகரத்து ராபர்ட் என்பவர் இலத்தீனில் பெயர்த்தார். அதே நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலெடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்ட் என்பவர் இப்னு ஸீனாவின் கானூனைப் பெயர்த்தார். அந்தக் கானூனை 17 ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பயின்றார்கள். கண்ணுக்கு இடும் சுருமாவின் அரபுப் பெயராகிய 'அல்குஹ்ல்' நெடுந்தொலைவு பயணம் செய்து, இறுதியில் நமக்கு விலக்கப்பட்ட ஒரு பொருளின் பெயராகிப் போனது வேடிக்கைதான்.

இன்னொரு சொல் அஸிமத். ஒரு திசை வடக்கிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதைக் குறிப்பது அது. கிப்லாவைக் கணக்கிடுவோர் தினமும் வழங்கும் சொல். அதன் மூலம் அரபு 'அஸ்ஸுமூத்', அதாவது திசைகள். லாம் ஸீனில் கலந்த நிலையிலேயே ஐரோப்பியர் அதைக் காதால் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஆங்கில அகராதியில் இன்றும் ஒரு ஷம்ஸிய்யா இத்காம் அப்படியே உறைந்து கிடக்கிறது.

எழுத்துக்கூட்டலில் படித்தவர்களையும் தடுமாற வைப்பது 'அக்காமடேட்' என்னும் சொல். 'சி' ஒன்றா இரண்டா, 'எம்' ஒன்றா இரண்டா என்று பட்டதாரிகளே திகைப்பார்கள், நானும் திகைத்தவன்தான். இதில் இரண்டு முன்னொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. 'அட்' உருமாறி 'சி'யை இரட்டித்தது. 'கான்' என்பது, 'கூட' என்னும் பொருளுடையது, 'எம்' ஒலிக்கு முன் 'காம்' ஆகி 'எம்'மை இரட்டித்தது. நடுவில் 'அளவு' என்னும் பொருளுடைய வேர். இதை ஒரு முறை விளங்கிக்கொண்ட பிள்ளை மறுபடி தவறமாட்டான். அதுபோலவே டிஸ்ஸப்பியர் என்று 'எஸ்'ஸை இரட்டிக்கத் தேவையில்லை. 'டிஸ்' என்பதில் ஓர் 'எஸ்'. பின்னால் வரும் அப்பியர் என்பதில், 'அட்' உருமாறியதால், இரண்டு 'பி'. டிஸ்சாட்டிஸ்ஃபை என்பதிலோ, 'டிஸ்' முடியும் எழுத்தும் வேர் தொடங்கும் எழுத்தும் 'எஸ்'ஸாக இருப்பதால் இரண்டையும் எழுத வேண்டும்.

'கான்' என்பதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. கம்பெனி என்பதை வணிக நிறுவனம் என்றே அறிந்திருக்கிறோம். அதன் உட்பொருள் 'கூட', 'ரொட்டி' என்னும் இரண்டு சொற்கள். சேர்ந்து ரொட்டி உண்பவர்கள் என்பதாம். நம் ஊர்களின் திருமண விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்கிறோமே, அதுவே சொல்லின்படி உண்மையான கம்பெனி!

ஓர் எழுத்தில் ஒரு பயணம், ஓர் உயிர்

வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு எமிக்ரேஷன், இம்மிக்ரேஷன் இரண்டும் பழகிய சொற்கள். பழைய கடவுச்சீட்டுகளில் எமிக்ரேஷன் சோதனை பற்றிய முத்திரைக்காக அலைந்தவர்களை நான் அறிவேன். முதலாவதில் 'எக்ஸ்' என்னும் முன்னொட்டு 'ஈ' எனக் குறுகி நிற்கிறது. வெளியே என்று பொருள். எனவே ஒரே 'எம்'. இரண்டாவதில் 'இன்' என்பது, 'உள்ளே' என்னும் பொருளில், 'எம்'மில் கலந்திருக்கிறது. எனவே இரண்டு 'எம்'. ஓர் ஊரை விட்டுப் புறப்படுபவன் எமிக்ரண்ட்; அவனே வேறோர் ஊருக்குள் நுழையும்போது இம்மிக்ரண்ட். கி.பி. 622 இல் மக்காவைத் துறந்து மதீனா சென்றவர்களை நாம் முஹாஜிர்கள் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆங்கிலமோ எந்த ஊரின் வாசலில் நின்று பார்க்கிறாய் என்று கேட்டு இரண்டு பெயர் வைக்கிறது.

சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையிலும் இலத்தீன் இருக்கிறது. ஏ.எம். என்பது 'ஆன்டி மெரிடியெம்', நண்பகலுக்கு முன், பி.எம். என்பது 'போஸ்ட் மெரிடியெம்', நண்பகலுக்குப் பின். ஸுப்ஹு முன்னதில், லுஹர் முதல் இஷா வரை பின்னதில். (கடிகாரத்தின் 12 மணியும் சூரியன் உச்சி சாயும் நேரமும் ஒன்றல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள்.) இந்த 'முன்' என்னும் 'ஆன்டி'யை, 'எதிராக' என்னும் பொருளுடைய கிரேக்க 'ஆன்டி'யோடு குழப்பிக்கொள்வோர் பலர். ஆன்டிபயாடிக், ஆன்டிசெப்டிக் முதலியவற்றில் இருப்பது கிரேக்கம். மகப்பேறு மருத்துவமனையில் 'ஆன்டிநேட்டல்' என்று பலகை இருந்தால் அது இலத்தீன். பிறப்புக்கு முன் தாய்மாரைப் பரிசோதிக்கும் பிரிவு என்று பொருள். பிறப்புக்கு எதிரான பிரிவு என்று எண்ணி, குடும்பக் கட்டுப்பாட்டுக்கான இடமோ என அஞ்சி வெளியே நின்ற ஒரு மூதாட்டியை நான் கண்டிருக்கிறேன். கிரேக்கத்தைத் தொட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 'ஹைப்பர்' என்றால் மேல், 'ஹைப்போ' என்றால் கீழ். சர்க்கரை நோயுள்ளவர்கள் நோன்பு வைக்கும் ரமளானில், சர்க்கரை தாழ்வதைக் குறிக்கும் சொல் எது, ஏறுவதைக் குறிக்கும் சொல் எது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் ஒன்று உண்டு. பெட்ரோல், டீசல் ஏற்றிச் செல்லும் வாகனங்களின் பின்புறத்தில் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்' என்றால் 'இல்லை' என்று மட்டும் கற்ற பிள்ளை இதை 'தீப்பற்றாதது' என்று படிப்பான். உண்மையோ நேர்மாறு. இங்குள்ள 'இன்' என்பது 'உள்ளே' என்னும் 'இன்'. சுவாலையை மூட்டும் இயல்புடையது என்று பொருள். இந்தக் குழப்பம் உயிருக்கு ஆபத்து என்று கண்ட அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 1920களில் 'இன்' என்பதை விட்டுவிட்டு 'ஃபிளேமபிள்' என்றே எழுதும்படி வற்புறுத்தியது. பிரிட்டனின் தரநிர்ணய நிறுவனமும் 1959 இல் அவ்வழியையே பரிந்துரைத்தது. நம் நாட்டுச் சாலைகளில் பழைய சொல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் பண்புச்சொல்லோடு சேரும் 'இன்' என்பது 'இல்லை'. வினைச்சொல்லோடு சேரும் 'இன்' என்பது 'உள்ளே'. இன்ஃபிளேமபிள் பார்வைக்குப் பண்புச்சொல்லாயினும், 'இன்ஃபிளேம்' என்னும் வினையிலிருந்து பிறந்தது என்பதால் ஏமாற்றிவிடுகிறது.

'இன்வேல்யுவபிள்' என்பதும் ஏமாற்றும். ஆனால் வேறு விதமாக. அங்கே 'இன்' என்பதற்கு 'இல்லை' என்றுதான் பொருள். மதிப்பு இல்லாதது என்று கொண்டால் பிழை. மதிப்பிடவே முடியாதது என்று கொள்ள வேண்டும். தமிழில் 'விலைமதிப்பற்ற' என்று சொல்கிறோமே, அதே கதை. 'மதிப்பற்ற' என்றால் இகழ்ச்சி, 'விலைமதிப்பற்ற' என்றால் புகழ்ச்சி. இதை விளக்கியபோது அந்தத் தாயார், "நம் பேச்சிலும் இது இருக்கிறதா!" என்று வியந்தார்.

விதி கிடைத்துவிட்டது என்ற உற்சாகத்தில் எல்லாச் சொல்லையும் அறுக்கத் தொடங்கிவிடவும் கூடாது. 'அங்கிள்' என்பதன் தலையில் 'அன்' இல்லை. அது தாய்மாமனைக் குறித்த ஓர் இலத்தீன் சொல் தேய்ந்து வந்தது. 'இன்ச்' என்பதிலும் 'இன்' இல்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு என்னும் சொல்லின் திரிபு அது. அரசன் என்னும் சொல்லில் 'அ'வைக் கழற்றி, 'ரசன்' அல்லாதவன் என்று பொருள் சொன்னால் சிரிக்கமாட்டோமா?

இப்பொழுது அந்த வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு வேர். அதைச் சுற்றி முன்னொட்டுகள். சுமத்தல் என்னும் வேரை நடுவில் எழுதி, உள்ளே சுமந்தால் இம்போர்ட், வெளியே சுமந்தால் எக்ஸ்போர்ட், அப்பால் சுமந்தால் டிரான்ஸ்போர்ட், அடியிலிருந்து தாங்கினால் சப்போர்ட் என்று நிரப்பியிருக்கிறார்கள். உச்சரிப்பில் நான் திருத்தியவை உண்டு. அகராதியைப் பார்த்து அவர்கள் என்னைத் திருத்தியவையும் உண்டு. சுப்ஹுக்குப் பின் பிள்ளை ஓதி முடித்ததும், தாயும் மகனும் அதில் ஒரு பக்கம் பார்க்கிறார்களாம்.

சென்ற வாரம் அந்தச் சகோதரி மகனிடம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். 'இன்டர்நெட் என்பதில் இருப்பது இன் என்னும் துண்டா, இன்டர் என்னும் துண்டா? இன் என்றால், உள்ளே என்று பொருள் கொள்வதா, இல்லை என்று பொருள் கொள்வதா?' 'இன்டர்' என்பது தனி முன்னொட்டு, இடையே என்று பொருள், வலைகளுக்கிடையேயான வலை என்று கொள்க என எழுதி அனுப்பினேன். மறுநாள் அதே தாளின் மறுபக்கத்தில் அடுத்த கேள்வி வந்துவிட்டது: 'அப்படியானால் இன்டர்வியூ?'